தோப்புக்குள் இரண்டறை: சின்னதாய் ஒரு விருந்தினர் இல்லம்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகிற வழியெல்லாம் தென்னந்தோப்பு. அப்படி ஒரு தோப்புக்குள் இரண்டு படுக்கையறை, ஆளுக்கொரு குளியலறை, மலையைப் பார்த்து ஒரு நீளத் திண்ணை: இந்த அத்தியாயத்தில் திட்டமிடப்போவது இவ்வளவுதான். உங்கள் தோப்பு கம்பத்திலோ தென்காசியிலோ இருந்தால் திசைக் கணக்கு கொஞ்சம் மாறும். வேலை வரிசை மாறாது.

இயற்கையோடு இயைந்த வீடு என்றதும் பலர் கடைக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். இலைப்படம் போட்ட டைல்ஸ், மூங்கில் மாதிரி பிளாஸ்டிக், மரம் மாதிரி சிமெண்ட் தூண் எல்லாம் வண்டியேறி வருகின்றன. அவை கடைசி வாரத்து வேலை, விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, காற்று எந்த மூலையில் நுழைகிறது, மழைநீர் எங்கே ஓடுகிறது, தேங்காய் எங்கே விழுகிறது என்ற நான்கையும் வைத்து வரைபடம் போட்டால் பாதி அலங்காரம் தானாக அமைந்துவிடும்.

## அனுமதி: முதலில் அலைந்துவிடுங்கள்

கல் இறக்கிய பிறகு அனுமதிக்கு அலைவது வீண் செலவு. கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பட்டியலில் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் சாதாரணக் கட்டட அனுமதி மட்டும் போதாது. புலிகள் காப்பகத்தின் எல்லைக்குப் பக்கம் என்றால் வனத்துறையிடமும் கேட்க வேண்டும். ஆனைமலைப் பக்கத்தில் இதை விட்டுவிட்டுக் கட்டுவது சூதாட்டம்.
2. ஊராட்சியிலும் நகர ஊரமைப்பு அலுவலகத்திலும் கட்டட அனுமதி வாங்குங்கள். என்ன பயன்பாட்டுக்கு என்பதை உள்ளபடி எழுதுங்கள். வீடு என்று வாங்கிவிட்டு விடுதி நடத்தினால் மின் இணைப்பிலிருந்து வம்பு தொடங்கும்.
3. நீங்களும் அதே இடத்தில் குடியிருந்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் 6 அறை வரை பதிவு செய்யலாம்.
4. சாப்பாடு போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும்.

## இடத்தைப் பாருங்கள்

ஒரு வருடம் காத்திருந்து பார்ப்பது நல்லது. முடியாதவர்கள் சித்திரை வெயிலில் ஒரு நாள், ஆடிக்காற்றில் ஒரு நாள், ஐப்பசி மழையில் ஒரு நாளாவது தோப்பில் இருந்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் பொள்ளாச்சிக்கு மேற்கே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் அந்த வழியாக வரும் காற்று மேற்குச் சுவரில் சாரலை அறைந்துவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து வரும். இரண்டு பருவமும் தொடுகிற ஊர் என்பதால் இரண்டு பக்கமும் கவனம் வேண்டும்.

1. ஆளுயரக் குச்சி ஒன்றைத் திறந்த இடத்தில் நட்டு, காலை 9, நடுப்பகல், மாலை 4 மணிக்கு நிழல் விழும் இடத்தில் முளை அடியுங்கள். நம் அட்சரேகையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாயும், மார்கழியில் நன்றாகத் தெற்கே சாயும். தெற்குச் சுவரை 3 அடி இறவாரமே காப்பாற்றிவிடும். மேற்குச் சுவருக்கு இறவாரம் உதவாது, ஏனென்றால் சாயங்கால வெயில் தாழ்வாக வந்து நேராக அடிக்கிறது.
2. நாலைந்து மரங்களில் துணிக் கீற்றுகளைக் கட்டி விடுங்கள். ஆணி அடிக்காதீர்கள். தென்னையில் காயம் பட்ட இடத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். வெளியே தெரியாமல் உள்ளே குடைந்து, ஒரு நாள் கொண்டை சாயும்போதுதான் தெரியவரும். பிற்பாடு விளக்கு மாட்டவும் பலகை தொங்கவிடவும் இதே விதிதான்.
3. பெரிய மழை விட்ட கையோடு குடை பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த வாய்க்கால் நிரம்பி வழிகிறது என்று படத்தில் குறியுங்கள். தண்ணீர் போகிற வழியில் கட்டிவிட்டு அதைத் திருப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அது வேறு வழி கண்டுபிடித்து அறைக்குள் வரும்.
4. மூன்று இடத்தில் 4 அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். செம்மண்ணும் கீழே சுக்கான் பாறையும் வந்தால் வேலை சுலபம். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிற கரிசல் மண் என்றால் இந்த அத்தியாயத்தின் அஸ்திவாரப் பகுதியை விட்டுவிட்டு, கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

## எந்த மரத்தை எடுப்பது

தோப்புக்குள் கட்டுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "மரம் ஒன்றையும் வெட்டாமல் கட்டுகிறோம்" என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் காய்ப்பில் இருக்கும் தென்னைக்கு அடியில் ஆளைத் தூங்கவைப்பது இயற்கை நேசம் ஆகாது. காய் விழுந்தால் ஓடு உடையும், ஓட்டுக்குக் கீழே தலை இருக்கும்.

கணக்கு இப்படி. நல்ல தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. வளர்ந்த மரத்தின் ஓலை அடிமரத்திலிருந்து 13, 14 அடி வரை நீளும். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து மரம் இரண்டை எடுத்தால், சுற்றியுள்ள மரங்களுக்கு நடுவே 75 அடிக்கு 50 அடியில் ஒரு செவ்வகம் கிடைக்கும். நான்கு பக்கமும் ஓலைக்கென்று 15 அடி விட்டால் மிச்சம் 45 அடிக்கு 20 அடி. நம் இரண்டறைக்கு அது போதும். இறவாரம் கொஞ்சம் வெளியே நீண்டு ஓலை நுனியைத் தொடலாம். காய் பெரும்பாலும் அடிமரத்தை ஒட்டியே விழும், காற்றில் சற்றுத் தள்ளிப் போகும். எனவே இறவாரத்தின் விளிம்பு எந்த அடிமரத்துக்கும் 10 அடிக்குள் வரக் கூடாது.

எந்த இரண்டு மரம்? கிழமேலாக ஓடும் வரிசையில் தேடுங்கள், வீட்டின் நீளம் கிழமேலாக அமைய வேண்டும் என்பதால். காய்ப்புக் குறைந்த, கொண்டை சிறுத்த, வயதான ஜோடி கிடைத்தால் அதுதான் உங்கள் மனை. அந்த மரத்தை வாடகை வண்டியில் ஏற்றி விறகுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதிர்ந்த தென்னையின் அடிப்பாகம், அதுவும் வெளிப்பட்டை ஓரத்து வைரம், திண்ணைத் தூணுக்கு நன்றாக உதவும். நடுவில் இருக்கும் சோறு உதவாது, மட்கிவிடும்.

வெட்டிய பிறகு அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள். மண்ணுக்குள் விட்ட கட்டை கரையானுக்கு விருந்து, மட்கினால் மேலே போட்ட தரை இறங்கும். மட்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு பெருகி மிச்சத் தோப்பையும் தின்னும்.

குறிப்பு: தென்னைவேர் சல்லிவேர். பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 6 அடிக்குள் அடங்கிவிடும், அஸ்திவாரத்தைத் தூக்காது. பக்கத்தில் அரசோ ஆலோ அத்தியோ இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

## அறைகளை அடுக்கும் முறை

மேற்கிலிருந்து கிழக்காக: குளியலறை 6 அடி, படுக்கையறை 12 அடி, படுக்கையறை 12 அடி, குளியலறை 6 அடி. சுவர் கனத்தையும் சேர்த்தால் 40 அடிக்குள் முடிந்துவிடும். அறையின் ஆழம் 12 அடி. அதன் தெற்கே, மலையைப் பார்த்து, 6 அடி அகலத்தில் திண்ணை.

இந்த அடுக்கில் மேற்கு வெயிலை வாங்குவது குளியலறைச் சுவர். ஈரம் காய வேண்டிய இடம் அது, அங்கே வெயில் அடிக்கட்டும். தூங்குகிற அறைக்குச் சூடு வராது. அதே மேற்குக் குளியலறையின் சுவரைத் தெற்கே திண்ணையின் அகலம் வரை இழுத்துக் கட்டுங்கள். ஆடிக்காற்றும் சாரலும் அந்தச் சுவரில் மோதித் திரும்பும், திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். இந்த 6 அடிச் சுவரை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு அங்கே தார்ப்பாய் கட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

அறைக்கு வடக்கிலும் தெற்கிலும் நேருக்கு நேர் ஜன்னல் வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் காற்று வராது. ஜன்னலின் அடிமட்டம் கட்டில் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 2 அடிக்குச் சற்று மேலே இருந்தால் படுத்திருப்பவர் மேல் காற்று படும். வழக்கமான மூன்றடியில் வைத்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும். கூரைக்குக் கீழே, சுவர் உச்சியில், வலை அடித்த சின்னத் திறப்புகள் விடுங்கள். சூடு அந்த வழியாக வெளியேறும்.

## அஸ்திவாரமும் கரையானும்

இதில் புதுமை ஒன்றும் வேண்டாம். கருங்கல் கட்டு, மேலே கான்கிரீட் பெல்ட், தரைமட்டத்திலிருந்து 2 அடி உயர பேஸ்மட்டம். தென்னந்தோப்பு என்றாலே கரையான் உண்டு, ஆகையால் அஸ்திவாரக் குழியிலும் பேஸ்மட்ட மண்ணிலும் கரையான் மருந்து அடிக்க வேண்டும். உரிமம் உள்ள ஆளை வைத்து, கையுறையும் முகமூடியும் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். கிணற்றை ஒட்டி அடிக்க விடாதீர்கள்.

மரத்தூண் எதையும் மண்ணில் நடாதீர்கள். ஒரு அடி உயரக் கருங்கல் பீடம், அதன் நடுவில் இரும்புக் கம்பி, கம்பியின் மேல் தூண். பழைய வீட்டுத் திண்ணைகளில் இப்படித்தான் இருக்கும், காரணத்தோடுதான் இருக்கும்.

## சுவர்: எலிப்பொறிக் கட்டு

கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய முறை இது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, உள் வரிசைக்கும் வெளி வரிசைக்கும் நடுவே 3 அங்குல இடைவெளி விட்டு, இரண்டையும் குறுக்குக் கல்லால் பிணைத்துக் கட்டுவார்கள். 9 அங்குலச் சுவர்தான், ஆனால் வழக்கமான கட்டைவிடச் செங்கல் சுமார் கால் பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தாமதப்படுத்தும். வெளியே பூச்சும் வேண்டியதில்லை.

மேஸ்திரிக்கு இது புதிதாக இருந்தால் முதல் நாளே வாக்குவாதம் வரும்.

"எதுக்குங்க இத்தன சந்து விட்டுக்கிட்டு? ரெண்டு சட்டி கலவய உள்ள தள்ளிட்டா கெட்டியா நின்னுக்குமுங்க."

"வேண்டாங்க மேஸ்திரி. அந்தச் சந்துதான் நமக்கு வேணும். கலவ உள்ள விழாம ஒரு ரீப்பர் துண்ட வெச்சுக்குங்க, வரிசைக்கு வரிசை தூக்கி எடுத்துக்கலாம்."

இந்த ரீப்பர் துண்டுதான் முழு ரகசியம். 3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரு மரப்பட்டையை இடைவெளியின் மேல் வைத்தால் கரண்டியிலிருந்து வழியும் கலவை உள்ளே போகாது. வரிசை முடிந்ததும் எடுத்து அடுத்த வரிசைக்கு வைக்கலாம். கலவை உள்ளே விழுந்து உள்சுவரையும் வெளிச்சுவரையும் தொட்டுவிட்டால், மழை ஈரம் அந்தப் பாலம் வழியாக உள்ளே வரும். பிறகு சுவரில் திட்டுத் திட்டாக ஈரக்கறை தெரியும், எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் கூரையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வேலை வரிசை:

1. ஒரே சூளையில், ஒரே அளவில், முனை உடையாத செங்கல்லாகப் பொறுக்குங்கள். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அளவு கோணல்மாணலாக இருந்தால் இந்தக் கட்டு அமையாது.
2. தோப்பின் ஓரத்தில் 3 அடிக்கு 3 அடி மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். கூலி கொடுத்துத்தான். அதில் கை பழகிய பிறகு வீட்டுச் சுவரில் நூல் பிடிக்கலாம்.
3. முதல் வரிசையும் கடைசி வரிசையும் கெட்டியாக, இடைவெளி இல்லாமல் வரட்டும். ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழே, கதவு நிலையின் இரு பக்கம் ஆகியவையும் அப்படியே.
4. மின்குழாயைச் சுவர் எழும்பும்போதே இடைவெளிக்குள் இறக்கிவிடுங்கள். பிறகு உளி வைத்துக் கொத்தினால் நின்ற கல் உடையும்.
5. ஒரு நாளைக்கு 4 அடி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏழு நாளாவது தண்ணீர் விடுங்கள்.
6. திறந்த துவாரம் எதையும் விடாதீர்கள். சந்துக்குள் எலி போகும், எலியைத் தேடிப் பாம்பு போகும்.

மேற்குச் சுவருக்கு மட்டும் விதிவிலக்கு. சாரல் நேராக அடிக்கும் அந்தச் சுவரை வெளியேயும் பூசிவிடுங்கள். செங்கல் தெரிவதுதான் அழகு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

## கூரை

கீற்று வேய்ந்தால் விருந்தினர் படம் எடுப்பார்கள், உண்மைதான். ஆனால் மின்கம்பி ஓடுகிற, ஆள் தூங்குகிற அறைக்கு மேல் கீற்று வேண்டாம் என்பதே என் கட்சி. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்ற பள்ளித் தீ கீற்றுக் கூரை வழியாகத்தான் பரவியது. ஆசைக்கு, விளக்கோ அடுப்போ இல்லாத ஒரு திறந்த கொட்டகையைத் தள்ளிப் போட்டு அதற்கு வேயுங்கள்.

அறைகளுக்கு மங்களூர் ஓடு. வாட்டம் அடிக்கு 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஆடிக்காற்று மழைநீரை ஓட்டின் மடிப்புக்குள் மேல்நோக்கித் தள்ளிவிடும். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும், உடைசலுக்குக் கொஞ்சம் கூட வாங்குங்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் வாங்கினால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுங்கள், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் கொடுக்கும்.

சட்டத்துக்குப் பனங்கை கிடைத்தால் விடாதீர்கள். புதிதாகப் பனை வெட்ட வேண்டாம், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வெட்டவும் முடியாது. இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய பனங்கை கறுத்து, இறுகி, புது மரத்தைவிட நன்றாக இருக்கும்.

1. ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்தில் பார்த்து அடிக்காதீர்கள். நீங்கள் வாங்கிய ஓட்டில் பத்தைத் தரையில் கோத்து அடுக்கி, மொத்த நீளத்தை அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். சூளைக்குச் சூளை அளவு மாறும்.
2. ஓட்டுக்குக் கீழே தட்டையான சீலிங் ஓடு ஒரு வரிசை போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காற்றால் மதியச் சூடு அறைக்குள் இறங்குவது குறையும்.
3. இறவாரம், முகடு, மேற்கு விளிம்பு ஆகிய மூன்று இடத்து ஓடுகளையும் துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். காற்று முதலில் கிளப்புவது ஓரத்து ஓட்டைத்தான்.
4. வெளிச்சத்துக்கு அறைக்கு இரண்டு கண்ணாடி ஓடு போதும். கட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம்.

எச்சரிக்கை: ஈர ஓட்டில் ஆளை ஏற்றாதீர்கள். ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டி முகட்டு மரத்தோடு பிணைத்திருக்க வேண்டும். காற்று வலுத்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள், கூலி போனால் போகட்டும்.

## உள்பூச்சும் தரையும்

உள்சுவருக்குச் சுண்ணாம்பு. குளிர்ச்சி, ஈரத்தை வாங்கி விடும் தன்மை, வெள்ளையின் மென்மை எல்லாம் உண்டு. ஆனால் இந்த வீட்டில் வெறுங்கையால் தொடவே கூடாத பொருளும் அதுதான்.

1. இரும்புப் பீப்பாயில் பாதிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதில் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, சீறித் தெறிக்கும். தண்ணீர் கொதிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். குழந்தைகள் தோப்புப் பக்கமே வர வேண்டாம்.
2. சல்லடையில் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் மூடி வையுங்கள். முழுதாக நீறாத துணுக்கு சுவருக்குப் போனால், பிறகு நீறி உப்பிப் பூச்சைத் தள்ளிவிடும். அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்த சுவர்களுக்கு இதுதான் காரணம்.
3. கடுக்காயையும் கருப்பட்டியையும் ஊறவைத்த நீரில் சாந்தைக் குழைப்பது நம் ஊர் வழக்கம். தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவர் கணக்கை அப்படியே கேளுங்கள்.
4. மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. சுண்ணாம்புக்கு மேல் சிமெண்ட் பூசாதீர்கள், உரிந்துவிடும்.

கண்ணில் பட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் அழகு. குளியலறைக்கும் படிக்கும் மட்டும் பாலிஷ் போடாத கல் போடுங்கள், ஈரத்தில் வழுக்காது.

## குளியலறை, கழிவுநீர்

வானம் பார்த்த குளியலறை இப்போது எல்லோருக்கும் ஆசை. செய்யலாம், கிழக்குக் குளியலறையில் குளிக்கும் மூலைக்கு மேலே மட்டும். திறப்பில் கம்பி வலை கட்டாயம், இல்லாவிட்டால் முதல் வாரமே குரங்கு சோப்பை எடுத்துக்கொண்டு போகும். கழிப்பறை மூலைக்குக் கூரை இருக்கட்டும். தரை வாட்டத்தை டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். ஒரு சொட்டுகூட வாசல் பக்கம் வரக் கூடாது.

செப்டிக் டேங்க் 10 பேர் கணக்குக்கு உள்ளளவில் ஆறரை அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் நாலரை அடி போதும். அதன் உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி, நிலச் சரிவில் கிணற்றுக்குக் கீழ்ப்புறமாக இருக்க வேண்டும். தோப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை, எனவே சமரசம் வேண்டாம். குளித்த தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து, ஜல்லி போட்ட பாத்தி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள்.

எச்சரிக்கை: செப்டிக் டேங்குக்குள் யாரையும் இறக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. அது சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு சத்தமில்லாமல் கொல்லும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து. லாரி வைத்து உறிஞ்ச வசதியாக, வண்டி வரும் பாதை ஓரத்தில் மூடியை அமையுங்கள்.

## மின்சாரம்

கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கருவி இரண்டு அறைக்கும் தனித்தனியாக. எர்த் குழியை உரிமம் பெற்ற மின் பணியாளர் அளந்து எழுதித் தரட்டும். வெளி விளக்குகள் மஞ்சளாக, மங்கலாக, தரையைப் பார்த்தபடி, முழங்கால் உயரத்தில் போதும். வெள்ளை விளக்கைத் தலைக்கு மேல் மாட்டினால் தோப்புப் பூச்சி முழுவதும் திண்ணைக்கு வரும், பூச்சிக்குப் பல்லியும் தவளையும், தவளைக்கு வேறொன்றும்.

## தோப்பில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள்

கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கும், கடித்தது தெரியாமலே இருக்கலாம். எனவே கட்டில், கொசுவலை, கதவுக்கு அடியில் சந்து மூடும் ரப்பர் பட்டை மூன்றும் அவசியம். வடிகால் வாய்களுக்கு வலை போடுங்கள். மட்டை, தேங்காய்த் தொட்டி, விறகு எதையும் சுவரோரம் அடுக்காதீர்கள். வீட்டைச் சுற்றி 10 அடிக்குப் புல் வெட்டிய வெறுந்தரையாக இருக்கட்டும். கடிபட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது இரண்டும் கூடாது. 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை எழுதி அறைக் கதவின் பின்னால் ஒட்டுங்கள். விருந்தினர் பயந்துவிடுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. தோப்பில் தங்க வருகிறவர் அந்த ஒரு தாளைப் பார்த்து ஓடிவிட மாட்டார்.

காட்டோரத் தோப்பில் பலா, வாழையை அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், யானையை அழைப்பதாகும். கழிவுநீர் வாழையைக்கூட அங்கே கல்வாழையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கிணறு. பழைய தோப்புக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. நான்கடிச் சுவர் எழுப்பி, மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள். நீச்சல் தெரியும் என்று சொல்கிற விருந்தினருக்கும் சாவி கிடையாது.

காய் பறிப்பை 45 நாளுக்கு ஒரு முறை தவறாமல் செய்யுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள மரங்களிலும் நடைபாதையை ஒட்டிய மரங்களிலும் காய்ந்த மட்டை, பன்னாடை, முற்றிய குலை ஒன்றும் தங்கக் கூடாது. வண்டி நிறுத்துமிடமும் ஊஞ்சலும் கொண்டைக்கு அடியில் வேண்டாம்.

## திறப்பதற்கு முன் ஒரு ராத்திரி

நீங்களே குடும்பத்தோடு ஒவ்வொரு அறையிலும் ஒரு ராத்திரி தங்குங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரும் சின்னப் பிள்ளை ஒன்றும் உடன் இருந்தால் நல்லது.

1. சாயங்காலம் 4 மணிக்கு மேற்கு அறைச் சுவரை உள்ளே தொட்டுப் பாருங்கள்.
2. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டார்ச் இல்லாமல் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய் வாருங்கள். கால் எங்கே இடறுகிறதோ அங்கே ஒரு விளக்கு வேண்டும்.
3. மின்கசிவுக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அறையைத் திறக்காதீர்கள்.
4. இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் குளித்துப் பாருங்கள். தண்ணீர் மெலிந்தால் தொட்டியை இன்னும் 5 அடி உயர்த்த வேண்டியிருக்கும்.
5. பக்கத்து அறையில் பேசுவது கேட்கிறதா? நடுச்சுவர் சீலிங் ஓடு வரை முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விட்டிருப்பார்கள்.
6. பெரியவரைப் படியேறி வரச் சொல்லுங்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினால் அந்த இடத்தில் கைப்பிடி போடுங்கள்.